காத்தான்குடி நாள்

— மூடணும் எண்டு இவ்வளவு லேசாச் செல்றாய். மில்லு என்ன பெட்டிக்கடையா மகள், பலகையப் போட்டுட்டுப் போறதுக்கு?

— லேசாச் சொல்லல்ல சேர். மூண்டு கிழமையா நித்திரையில்ல. மூண்டரைக்குச் சபை கூடுது. உங்களுக்குத் தெரியாம அங்க வைக்கக் கூடாது எண்டுதான் இப்பவே வந்து நிக்கிறன்.

— நிண்டது போதும், இரி. கேளு மகள். சுனாமி வந்து போன அடுத்த மாசம் ஒரு தார்ப்பாயும் ரெண்டு கதிரையும் வச்சு இந்த நிலையத்தத் தொடங்கினவன் நான். இண்டைக்கு வரைக்கும் சரீப் ஒரு திட்டத்த மூடினான் எண்டு ஒருத்தரும் செல்லேலா. மெய்யா இல்லையா?

— மெய்தான் சேர். அதுதான் நோய்.

— என்னது?

— திறக்கத் தெரியும், மூடத் தெரியாது. பால் பொங்குறம், அடிக்கல் வைக்கிறம், போட்டோ எடுக்கிறம். மறுகா வருசா வருசம் 'போன முறை போலயே' எண்டு கையத் தூக்குறம். அது இப்பவும் தேவையா எண்டு ஒருநாளாவது கேட்டமா?

— கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிச்சது நான். சோதனை பாஸ் பண்ணிட்டு வந்து எனக்கே கத்தி தீட்டுறாய்.

— நீங்க அனுப்பினபடியாத்தான் சேர் உங்களுக்கு முதல் சொல்றன். வேற ஆரும் எண்டா நேர சபையில போட்டு உடைச்சிருப்பன்.

— வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. சரி, என்னதான் செல்லுது நீ கொழும்பில படிச்ச அந்தத் தரநூல்? இங்கிலீசில செல்லாத. எனக்கு விளங்கிற மாதிரிச் செல்லு.

— உங்கட வாப்பாட வயல் எங்க சேர்?

— படுவான்கரையில. உனக்குத் தெரியும்தானே.

— சிறுபோகத்துக்கு முதல் வயல்காரர் எல்லாரும் கூடிக் கதைப்பாங்களே, அந்தக் கூட்டத்துக்கு நீங்க போறதா?

— போகாம? வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டை விதானை ஆளனுப்புவாரு. குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது, எந்த வட்டைய விதைக்கிறது எண்டு அங்கதான் தீர்ப்பு.

— தண்ணி குறைஞ்ச வருசம்?

— இந்த வட்டை செய்யிறது, அந்த வட்டை விடுறது எண்டு முடிவெடுப்பாங்க. விட்டவனுக்கும் செய்யிற வட்டையில ஒரு துண்டு குடுப்பாங்க, அவனும் சாப்பிடணும்தானே.

— எல்லாரும் எங்கட ஆக்கள்தானே எண்டு எல்லா வட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி விட்டா?

— பைத்தியமா? எல்லாம் கதிர் வெளிய வராமக் குடலையிலயே கருகும்.

— அவ்வளவுதான் சேர் நான் கொழும்பில படிச்சது. ஒரு திட்டத்த நல்லா நடத்துறது ஒரு வேல. எல்லாத் திட்டத்தையும் ஒண்டா வச்சுப் பாத்து, எத நடத்துறது எத விடுறது எண்டு தீர்க்கிறது வேற வேல. அதத்தான் போர்ட்ஃபோலியோ எண்டு பெரிய பேர் வச்சுச் சொல்றாங்க. எங்கட குளத்தில தண்ணி எண்டா ஆக்கள். இஞ்சின் தெரிஞ்ச ஆள் எங்களுக்கு எத்தின பேர்?

— நிலோஜன்.

— அவன் மட்டும்தான். வருத்தக்காரர ஆசுபத்திரிக்கு ஏத்துற வள்ளத்த ஓட்டுறதும் அவன். நாவற்குடா மில்லு மிசினப் பாக்கிறதும் அவன். காத்தான்குடி மில்லு மிசினப் பாக்கிறதும் அவன். ரெண்டு மில்லுக்கும் நடுவில பத்து நிமிச நடை சேர். பத்தே நிமிசம். அந்தச் சின்ன இடத்துக்குள்ள மா அரைக்க ரெண்டு மில்லு ஏன் திறந்தம்?

— ஏன் எண்டு உனக்குத் தெரியும்.

— தெரியும். நீங்க சொல்லுங்க.

— நாவற்குடாத் தமிழாக்களுக்கு ஒண்டு குடுத்தா காத்தான்குடி முஸ்லிமாக்களுக்கும் ஒண்டு. களுதாவளைக்குத் தையல் எண்டா ஏறாவூருக்கும் தையல். பனிச்சங்கேணிக்கு வலை எண்டா ஓட்டமாவடிக்கும் வலை. அதுதான் என்ட தரம். அந்த ஒரு தரத்திலதான் இந்த நிலையம் இவ்வளவு காலமும் ஒரு கல்லெறி வாங்காம நிக்குது.

— ஓட்டமாவடிச் சனத்துக்கு வலை வேணுமா எண்டு கேட்டமா சேர்? அந்த வலை இப்பவும் கட்டுப் பிரிக்காமக் கிடக்கு.

— கேக்கிற நேரமா அது? நீ அப்ப சின்னப்புள்ள. இந்த ரோட்டில ரெண்டு பக்கமும் டயர் எரிஞ்சத நான் பாத்தவன். என்ட கூட்டாளி ஒருத்தன், உங்கட ஆள், எங்கட வீட்டுக் குசினியில மூணு நாள் ஒளிச்சிருந்தவன். ஒரு பக்கத்துக்குக் கூடிப்போச்சு எண்டு ஒரு கதை கிளம்பினாப் போதும், அது எங்க போய் நிக்கும் எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பயம் உன்ட புத்தகத்தில இரிக்கா?

— இல்ல சேர். அது புத்தகத்தில இல்ல. அந்தப் பயத்தப் பாத்து நான் சிரிக்கவுமில்ல. நீங்க அண்டைக்குச் செய்தது சரி. ஆனா இண்டைக்கு அந்தச் சமன் ஆரைக் காப்பாத்துது? ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டைப் போலக் குடுத்துக் குடுத்து, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரே ஒரு சாமானக் கட்டிப் போட்டிரிக்கம்.

— வள்ளத்தச் செல்றாய்.

— வள்ளத்தத்தான். அதுக்குச் சோடி இல்ல. அதால அதுக்காகக் கேட்டுக் கதைக்க ஊருமில்ல. திங்கள், வியாழன், வெள்ளி வள்ளம் ஓடும். செவ்வாய் நாவற்குடா நாள். புதன் காத்தான்குடி நாள். வருத்தம் கிழமை பாத்தா சேர் வருது?

— அதச் செல்லாத மகள்.

— சொல்லத்தான் வேணும்.

— செல்லாத எண்டன்.

— புதன்கிழமை சேர். ரோட்டுக்கு மேலால வெள்ளம், அம்புலன்ஸ் அங்கால வரேலாம நிண்டது. துறைப் பக்கத்துப் புள்ள ஆர்த்திகா நிறைமாசம். தாய்க்காரி எங்கட காரியாலயத்துக்குப் போன் எடுத்திருக்கா. இஞ்சயிருந்து என்ன பதில் போச்சு? 'இண்டைக்குப் புதன், வள்ளம் இல்ல, நாளைக்குக் காலையில வரும்.' நேரசூசியப் பாத்து ஒழுங்கா, மரியாதையாப் பதில் சொல்லியிருக்காங்க. துறையில, அந்த மழைக்குள்ள, ஒரு படங்குக்குக் கீழ அந்தப் புள்ள பெத்தா. குழந்தை அழவேயில்ல.

— நான் அந்த வீட்டுக்குப் போனன். உனக்குத் தெரியாது. வாசல் வரைக்கும் போயிட்டு, உள்ளுக்குப் போக மனம் வராமத் திரும்பி வந்திட்டன். வீட்டிலயும் பொஞ்சாதிக்கு இதச் செல்லல்ல. என்ன எண்டு செல்ற?

— நான் உள்ளுக்குப் போனன் சேர். அவ என்ன ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். 'நாங்கதான் கிழமை தெரியாம வந்திட்டம் அக்கா' எண்டா. அண்டைக்கு முடிவெடுத்தன். இந்த மாரிக்குள்ள அந்த வள்ளம் எல்லா நாளும் ஓடும். இல்லாட்டி நான் இந்தக் கதிரையில இருக்கிறதில்ல.

— நிலோஜன் அண்டைக்குச் சும்மா இருந்தவனில்ல மகள். அந்த மிசினுக்குள்ள தலையக் குடுத்துக்கொண்டு கிடந்திருப்பான். ரெண்டும் பழசு. அவனையும் குறை செல்லேலா.

— நான் அவனக் குறை சொல்லல்ல. ஆனா அண்டையிலயிருந்து அவன் என்ட முகத்தப் பாத்துக் கதைக்கிறான் இல்ல.

— ஆருக்குத்தான் முகம் இரிக்கு? சரி, ஒரு வழி செல்லட்டா? இன்னொரு இஞ்சின்காரன எடுப்பம்.

— எடுத்தா? அவன் வந்த மறுநாளே சபையில ஆராவது எழும்பிப் புதுசா ஒரு சோடித் திட்டம் கேப்பாங்க. நீங்களும் தலையாட்டுவீங்க. குளம் பெருத்தாலும் வட்டையக் கூட்டிக்கொண்டே போனாத் தண்ணி காணாதுதானே?

— அப்ப இப்பிடிச் செய்வம். நீ ஒவ்வொரு திட்டத்துக்கும் போட்ட புள்ளியில காத்தான்குடிக்குக் கொஞ்சம் கூட்டிப் போடு. இந்த வருசம் நாவற்குடாவ மூடுவம். அதுக்கு அடுத்த வருசம்...

— சேர்.

— என்ன?

— உங்கட வாயால இது வரும் எண்டு நான் நினைக்கவேயில்ல.

— எனக்கும் கேக்க நல்லா இல்லதான். விடு. செல்லல்ல எண்டு வை.

— புள்ளி ஆருக்காகவும் மாறாது. ரெண்டுக்கும் ஒரே அளவுகோல், ரெண்டும் ஒரே இடத்திலதான் விழுந்திரிக்கு. சனம் காணாது, ரெண்டு மிசினும் அரைநாள் சும்மா நிக்கும். மறுகா அந்தப் புத்தகத்தில இன்னொரு சங்கதியும் இரிக்கு. தீர்ப்புச் சொல்றவர், தனக்கு அதில சொந்தம் பந்தம் இருந்தா முதல்லயே வாய் திறந்து சொல்லணும். சொல்லிட்டு ஒதுங்கணும். காத்தான்குடி மில்லுக்குத் தலைவி ஆரு?

— உம்மு குல்தூம். என்ட பொஞ்சாதி எண்டு ஊருக்கே தெரியும்.

— சபைக் குறிப்பில இல்ல. நாவற்குடா மில்லுக்கு?

— பூரணம். உன்ட...

— குஞ்சம்மா. அம்மாட தங்கச்சி. அம்மா சவூதியில நிண்ட காலமெல்லாம் என்னச் சோறு தீத்தி வளத்தவ. அதுவும் குறிப்பில இல்ல. இண்டைக்கு ரெண்டையும் சொல்றம்.

— பூரணத்துக்குச் செல்லிட்டியா?

— இல்ல. இந்த வருசம் முழுக்க அந்த மில்லுப் பக்கம் நான் கால் வைக்கல்ல. சொந்தக்காரியப் பாத்துப் புள்ளி போட்டா எண்டு ஒரு சொல் வரக் கூடாது. குஞ்சம்மா கோயில்ல கண்டாலும் முகத்தத் திருப்புறா. எண்டாலும் மூடத்தான் வேணும்.

— நானும் அப்பிடித்தான். டைரக்டர் பொஞ்சாதிட மில்லிலயே நிக்கிறாரு எண்டு கதைப்பாங்க எண்டு அந்த ஒழுங்கையாலயே போறதில்ல. எப்பவாவது தப்பித் தவறிப் போனாலும் கதவு சாத்திக் கிடக்கும். தொழுகை நேரமாக்கும் எண்டு வந்திடுவன்.

— அப்ப ரெண்டு பேரும் நிலோஜன்ட அறிக்கைய நம்பித்தான் இருந்திரிக்கம்.

— அவன் ஒழுங்கா எழுதுவான். 'ரெண்டு மிசினும் நல்லா ஓடுது' எண்டு. கேளு மகள், எல்லாம் விளங்குது. புத்தி ஓம் எண்டுது. ஆனா அந்த அடிக்கல்லில என்ட பேர் வெட்டியிரிக்கு. மூடினா தோத்துப்போனான் எண்டுதான் செல்லுவாங்க.

— எங்கட அம்மன் கோயில்ல கதவு திறக்கக்குள்ளயே குளிர்த்தி எண்டைக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். குளிர்த்தி பாடி, பொங்கல் வச்சு, கதவப் பூட்டிட்டு வீட்ட போவாங்க. கோயில் தோத்துப்போச்சு எண்டு ஒரு சனம் சொல்லியிரிக்கா? பூட்டுற நாளத் தெரிஞ்சு திறக்கிறதுதான் சேர் மரியாதை. நாங்கதான் அத மறந்திட்டம்.

— ம். எங்கட பக்கத்திலயும் கந்தூரிக்குக் கொடியேத்தினா இறக்குவாங்கதான். சரி. சபையில எப்பிடி வைக்கப்போறாய்? நீ காத்தான்குடிய மூடு எண்டா ஒரு பக்கம் எழும்பும். நான் நாவற்குடாவ மூடு எண்டா மறுபக்கம் எழும்பும்.

— அதுக்கும் யோசிச்சிரிக்கன். நாவற்குடா மில்ல மூடச் சொல்லி நான் முன்வைக்கிறன். என்ட ஊர், என்ட குஞ்சம்மா. காத்தான்குடி மில்ல மூடச் சொல்லி நீங்க முன்வையுங்க. உங்கட ஊர், உங்கட பொஞ்சாதி. ரெண்டு பேரும் சொல்லிட்டு எழும்பி வெளியில போயிருவம். மத்தவங்க தீர்க்கட்டும். எவன் எழும்பி எவன ஏசுவான்?

— அல்லாஹ்வே! இதையும் கொழும்பிலயா படிப்பிச்சாங்க?

— இல்ல சேர். இது உங்களுக்கிட்டப் படிச்சது.

— சரி, வைப்பம். நான் வைக்கிறன். இது சனம் நம்பித் தந்த அமானிதம், எனக்காக வச்சிருக்கிற சாமானில்ல. ஆனா உம்மு குல்தூமுக்கு ஆரு செல்ற? அத நினைச்சாத்தான் எனக்கு...

— அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு என்ன செல்ற?

— வஅலைக்குமுஸ்ஸலாம். நீ என்ன இந்த நேரத்தில இஞ்ச?

— சோத்துப் பெட்டிய மேசையில வச்சிட்டு வெறுங்கையோட வந்தா? பின்னால பொஞ்சாதிதான் ஓடி வரணும். என்னகா தனு, உன்ட கண்ணெல்லாம் சிவந்திரிக்கு. இவரு ஏசினாரா?

— இல்ல ராத்தா. நான்தான் இண்டைக்குச் சேர ஏசினன்.

— நல்லா இரிக்கு. என்னால ஏலாதத நீ செஞ்சிட்டாய்.

— உம்மு குல்தூம், பகிடிய விட்டுட்டு இந்தக் கதிரையில இரி. ஒண்டு செல்லணும். சத்தம் போடாத. நீ பாடுபட்டது எனக்குத் தெரியும்.

— என்ன, மவுத்துச் செய்தி செல்ற மாதிரி?

— மில்ல மூடப்போறம்.

— எந்த மில்ல?

— எந்த மில்லா? உன்ட மில்லத்தான். காத்தான்குடி மில்ல.

— ராத்தா, ஏன் சிரிக்கிறீங்க?

— சிரிக்காம என்னகா செய்யிற? இவரு இப்பத்தான் மூடப்போறாராம். அது மூடின கதை பழங்கதை! போன நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட மிசினத் தூக்கி லேண்ட்மாஸ்டரில ஏத்தி, பூரணத்துட கொட்டிலில கொண்டுபோய் இறக்கிட்டம்.

— என்ன செல்றாய் நீ?

— எங்கட கொட்டில் ஒழுகிச்சு. அவட கொட்டில் பெருசு. அவட மிசின் மா அரைக்கும், எங்கட மிசின் மிளகாய்த்தூள் அரைக்கும். சித்திரை வருசத்துக்கும் பெருநாளைக்கும் ரெண்டு ஊர்ச் சனமும் ஒரே வரிசையில நிக்குது. பூரணம் வெத்திலை மடிச்சுத் தருவா, நான் வட்டிலப்பம் கொண்டுபோவன். இதில என்ன குறை?

— குஞ்சம்மா எனக்கு ஒரு சொல் சொல்லல்லையே ராத்தா!

— எப்பிடிச் செல்லுவா? நீ அந்தப் பக்கம் எட்டியும் பாக்கிறதில்ல. பெரிய உத்தியோகம் வந்ததும் மறந்திட்டாள் எண்டு அவ அழுகிறா. இவருக்கும் செல்லேலா. ஒண்டாயிட்டம் எண்டா சமன் குழம்பிச்சு எண்டு குதிப்பாரு. அதால ரெண்டு போர்ட்டையும் அப்பிடியே தொங்க விட்டிரிக்கம். நிலோஜன் பொடியனுக்கும் சத்தியம் வாங்கி வச்சிரிக்கம், ஒருத்தருக்கும் செல்லாதே எண்டு.

— அல்ஹம்துலில்லாஹ்! மகள், கேட்டியா? நாங்க ரெண்டு பேரும் இஞ்ச இருந்து ஆர ஆரு மூடுற எண்டு தலைய உடைக்கிறம், இவங்க பெருநாளோடயே முடிச்சிட்டாங்க! இனி சபையில ஒரு சத்தமும் வராது. சிரிடி புள்ள, ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?

— ராத்தா, ஒண்டு கேக்கட்டா? நிலோஜன் கிழமையில எத்தின நாள் உங்கட இடத்துக்கு வாறவன்?

— வழமை போலத்தான். செவ்வாயும் வருவான், புதனும் வருவான்.

— ஒரே கொட்டிலுக்கா?

— வேற எங்க? செவ்வாய்க்கிழமை பெல்ட்டப் பாப்பான், எண்ணெய் விடுவான், ரெண்டு மிசினும் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். புதன்கிழமை அவனுக்கு ஒரு வேலையுமில்ல. சும்மா வந்து இருந்திட்டுப் போவான்.

— சும்மாவா?

— சும்மாதான். இஞ்சாருங்க, நீங்க ஏன் எழும்பி நிக்கிறீங்க?

— ராத்தா, அவரப் பாக்காதீங்க. எனக்குச் சொல்லுங்க. ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாஞ்ச புதன்கிழமை, அந்தப் பெருமழை நாள், நிலோஜன் எங்க நிண்டவன்?

— அண்டைக்கா? எங்கட கொட்டில் வாசல்லதான். மழையப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தான். 'ராத்தா, வெள்ளம் கூடுது, துறைப் பக்கம் வள்ளத்தக் கொண்டுபோய் ஒருக்காப் பாத்திட்டு வரட்டா' எண்டு கேட்டான். நான்தான் மறிச்சன், 'இரிடா மனே, இண்டைக்குக் காத்தான்குடி நாள், நீ இடையில போனா எங்கட ஊருக்குக் குறைச்சுப் போட்டான் எண்டு சேர் ஏசுவாரு' எண்டு.